ராணுவத்தைத் தூங்கவிடாத வெளிச்சம்!

சுண்ணாம்புக்குளத்தில் ராத்திரி வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அவர்கள் பார்க்காத வெளிச்சமா!

கும்மிடிப்பூண்டி தாலுகாவின் ஓரத்தில், பழவேற்காடு ஏரியைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற ஊர் அது. ஏரிக்கு அந்தப் பக்கம், வடகிழக்கே, ஸ்ரீஹரிகோட்டா. 1971-லிருந்து அங்கே ராக்கெட் விடுகிறார்கள். நமக்கெல்லாம் ராக்கெட் என்றால் டி.வி.யில் கவுன்ட்டவுன், கைதட்டல், ஸ்வீட். ஏரிக்கரைக்காரர்களுக்கு அப்படியில்லை. ராத்திரி ராக்கெட் என்றால் தண்ணீரெல்லாம் திடீரென்று ஆரஞ்சு நிறமாகும். சத்தம் ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் சாவகாசமாக உறுமிக்கொண்டு வந்து சேரும். அன்றைக்குக் கடல் பக்கம் போகக் கூடாது என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே தகவல் வந்துவிடும். (ஒரு நாள் வலை காய்ந்தால் அடுப்பும் காயும். அது தனிக் கட்டுரை.)

ராக்கெட்டை விடுங்கள். பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம், தூரத்துப் படகின் பாட்டரி லைட், சதுப்பு நிலத்தில் குப்பென்று எரிந்து அணைவதாகப் பாட்டிகள் சொல்லும் கொள்ளிவாய்ப் பிசாசு... எல்லாமே அந்தப் பக்கத்து ராத்திரிக்குப் பழக்கம். ஏரியில் வலை போடுகிற ஒரு பெரியவரிடம் போய், "கிழக்கே ஏதோ பெரிசா மின்னுது, ரொம்ப நேரமா நம்மையே பார்த்துக்கிட்டு நிக்குதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். "இன்னா ஸார், விடிவெள்ளி தெரியாதா? பட்ணமா நீங்க?" என்று கேட்டுவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்த விஷயத்தைக் கண்டுபிடிக்க ஒருமுறை இந்திய ராணுவம், எல்லைப் போலீஸ், ரேடார், ஆளில்லா விமானம், வானியல் விஞ்ஞானிகள் எல்லோரும் சேர்ந்து பல மாதம் உழைக்க வேண்டியிருந்தது. சிரிப்பதற்கு முன்னால் கதையை முழுக்கக் கேளுங்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

பழவேற்காட்டை விட்டுவிட்டு இன்னொரு உப்புத் தண்ணீர் ஏரிக்குப் போவோம். லடாக்கில் பங்காங். கடல் மட்டத்திலிருந்து சுமார் 14,000 அடி உயரம். நீளமாக நாடா போலக் கிடக்கிற அந்த ஏரியின் ஒரு பகுதி நம் கையில், மீதி சீனாவின் கையில். நடுவில் எங்கே கோடு என்பதில்தான் இரண்டு நாட்டுக்கும் ஓயாத தகராறு. அங்கே காவலுக்கு நிற்கிற ஜவானுக்கு மூச்சுவிடுவதே ஒரு வேலை. அதற்கு மேல் எதிர்ப்பக்க மலையையும் வானத்தையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

2012 ஆகஸ்டில் ஆரம்பித்தது வினை. ஏரிக்குப் பக்கத்தில் தாகுங் என்ற இடத்திலிருக்கும் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் முகாமிலிருந்து ரிப்போர்ட் மேல் ரிப்போர்ட். மஞ்சளாக, உருண்டையாக ஒரு வெளிச்சம். சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து கிளம்புகிறது. அவசரமே இல்லாமல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி நேரம் வரை வானத்தில் மிதக்கிறது. பிறகு காணோம். ஆகஸ்ட் 1-லிருந்து அக்டோபர் 15-க்குள் மட்டும் இப்படி நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள் என்று அந்த நவம்பரில் 'இந்தியா டுடே' எழுதியது. விஷயம் டெல்லி தலைமையகம் வரை போய், பிரதமர் அலுவலகத்தையும் எட்டியது. ஃபைலில் அதற்கு ஒரு நாமகரணமும் செய்தார்கள்: 'அடையாளம் தெரியாத ஒளிரும் பொருள்'. சர்க்கார் ஒரு விஷயத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் பிறகு அது நிஜமாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

ராணுவம் சும்மா இருக்குமா? செப்டம்பரில் நகரும் ரேடார் ஒன்றையும், ரேடியோ அலைகளை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்றையும் மலை உச்சிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அந்த வெளிச்சம் ரேடாருக்குத் தெரியவே இல்லை! மோப்பக் கருவிக்கும் ஒரு சிக்னலும் சிக்கவில்லை. சரி, கிட்டே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஆளில்லா விமானம் ஒன்றை வெளிச்சத்தை நோக்கி அனுப்பினார்கள். அது தன்னால் முடிந்த உச்ச உயரம் வரை ஏறிப் பார்த்துவிட்டு, குறியைத் தவறவிட்டுத் திரும்பி வந்தது.

அது எதைத் துரத்திக்கொண்டு போனது என்பது பின்னால் வருகிறது.

கடைசியில், அதே செப்டம்பர் இறுதியில், வானியல்காரர்களைக் கூப்பிட்டார்கள். பங்காங்கிலிருந்து தெற்கே சுமார் 150 கிலோமீட்டரில் ஹான்லே என்ற இடத்தில் பெரிய வான்நோக்கு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழு வந்து மூன்று நாள் தங்கிப் பார்த்தது. 'இது கிரகமும் இல்லை, எரிகல்லும் இல்லை' என்று அந்தக் குழு சொன்னதாக ராணுவ அதிகாரிகள் அப்போது பத்திரிகையிடம் சொன்னார்கள். அவ்வளவுதான். நாடு முழுக்கப் பறக்கும் தட்டு ஜுரம். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற ஆள்கூட எலெக்ட்ரிக் ட்ரெயினில் எழுந்து நின்று வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி லெக்சர் அடித்த காலம்.

வேற்றுக்கிரகவாசி ஜோக் எல்லாம் நமக்கு. ராணுவத்தின் கவலை வேறு. அது சீனாவின் வேவு விமானமாக இருந்தால்? வெளிச்சத்தைக் காட்டி நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆழம் பார்க்கிறார்களா? 2013 ஏப்ரலில் அதே லடாக்கில், டெப்சாங் பகுதியில் சீனப் படை உள்ளே வந்து கூடாரம் அடித்து உட்கார்ந்து, மூன்று வாரம் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றன. அந்த மாதிரி நேரத்தில் ராத்திரி ஒரு வெளிச்சம் தலைக்கு மேல் வந்தால், துப்பாக்கிக் குதிரையில் இருக்கிற விரல் என்ன நினைக்கும்?

இந்த இடத்தில் அந்த ஜவான்களுக்கு ஒரு சல்யூட் வைத்தே ஆகவேண்டும். அவர்கள் சுடவில்லை. எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்தார்கள். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை மொத்தம் 329 பதிவு. அதில் 155 தடவை அந்தப் பொருள் எல்லைக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாகக் கணக்கு.

இந்த நோட்டுப் புத்தகம்தான் கடைசியில் கேஸை முடித்தது.

ராணுவம் பெங்களூரிலிருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திடம் கேட்டது ஒரே கேள்வி: இது வானத்துப் பொருளா, பூமிப் பொருளா? ஹான்லே தொலைநோக்கி அவர்களுடையதுதான். வாணியம்பாடிக்குப் பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர், கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கும் நிலையம்... இவையும் அவர்களுடையவையே. இன்னும் பின்னால் போனால் அந்த நிறுவனத்தின் பூர்வீகம் எங்கே தெரியுமா? நம்ம நுங்கம்பாக்கம்! 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய மெட்ராஸ் அப்ஸர்வேட்டரியின் வாரிசுதான் இது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர், 1874-ல் வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போகப்போகிறது என்று தெரிந்ததும், ஜனங்கள் பயப்படாமல் புரிந்துகொள்ள ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். வெள்ளியைப் பார்த்து மிரளாதீர்கள் என்று சொல்வது இவர்களுக்குப் பரம்பரைத் தொழில் போலிருக்கிறது.

2013 ஜூலையில் விடை வெளியே வந்தது. கல்கத்தா 'டெலிகிராஃப்' எழுத, உலகம் முழுக்கப் பரவியது. ஜவான்கள் பார்த்த வெளிச்சங்களில் இரண்டை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒன்று வெள்ளி. இன்னொன்று வியாழன்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. (பி.காம். படித்த புத்தி!) ஆபீஸில் பாங்க் ரீகன்ஸிலியேஷன் செய்திருப்பீர்களே. நம் கேஷ் புக்கில் இருக்கிற தொகையையும் பாங்க் பாஸ்புக்கில் இருக்கிற தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடிப்போமே, அதேதான். இங்கே கேஷ் புக் என்பது காவல்காரர்களின் குறிப்பு. பாஸ்புக் என்பது வானம். அந்த பாஸ்புக்கில் என்ட்ரி தப்பவே தப்பாது. இன்ன தேதி, இன்ன மணிக்கு லடாக்கில் வெள்ளி எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று இன்றைக்கும் துல்லியமாகக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். வெளிச்சம் நட்சத்திரங்களுக்கு நடுவே எப்படி நகர்ந்தது என்று பார்த்ததும் குட்டு உடைந்தது.

நட்சத்திரம் ஒவ்வொன்றும் நேற்று வந்ததைவிட இன்றைக்கு நாலு நிமிஷம் முன்னால் அதே இடத்துக்கு வரும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம். கிரகங்கள் இதிலிருந்து கொஞ்சம் விலகினாலும், அந்த விலகலுக்கும் கணக்கு இருக்கிறது. ஏதோ ஒரு வெளிச்சம் மாதக்கணக்காக இந்த டைம்டேபிளை அப்படியே கடைப்பிடித்தால் அது சீனாக்காரன் அனுப்பியதாக இருக்க முடியாது. அவ்வளவு பங்ச்சுவலான ஆபீஸ் உலகத்தில் எந்த சர்க்காரிடமும் கிடையாது ஸார்!

அந்த மாதங்களின் வானத்தை இப்போது புரட்டிப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 2012 ஆகஸ்ட் நடுவில் வெள்ளி சூரியனை விட்டு எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகி, விடியற்காலைக் கிழக்கில் ஜொலித்தது. சூரியன், சந்திரனுக்கு அடுத்தபடியாக வானத்தில் பிரகாசமான பொருள் அதுதான். வியாழன் மெல்ல மெல்ல முன்னேறி, டிசம்பர் 3-ந் தேதி வாக்கில் சூரியன் மறையும்போது உதித்து ராத்திரி முழுக்க நின்றது. அதாவது ஈவினிங் ஷிப்டுக்கு ஒன்று, மார்னிங் ஷிப்டுக்கு ஒன்று! காவலுக்கு நின்றவனுக்கு ஓய்வே கிடையாது.

ரேடாருக்கு ஏன் தெரியவில்லை என்று இப்போது புரிகிறதல்லவா? ஆகஸ்ட் நடுவில் வெள்ளி பூமியிலிருந்து பத்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால். பிறகு இன்னும் விலகிக்கொண்டே போனது. வியாழனோ மிக நெருங்கி வந்த டிசம்பரிலேயே அறுபது கோடி. அந்த ஆளில்லா விமானம் அன்றைக்குத் துரத்தியது இந்த இரண்டில் ஒன்றை என்றால்... பாவம், பெட்ரோல் போதாது.

'அதெப்படி, பயிற்சி பெற்ற ஜவானுக்கு நட்சத்திரம் தெரியாதா?' என்று கேட்கலாம். நீங்களும் நானும் அங்கே நின்றிருந்தால் நமக்கும் தெரிந்திருக்காது. 14,000 அடியில் காற்று மெலிசு, தூசி இல்லை. கிரகங்கள் நம் ஊரில் பார்ப்பதைவிடப் பளபளவென்று இருக்கும். அடிவானத்துக்குப் பக்கத்தில் காற்று அலைவதால் நிறம் மாறி மாறித் துடிக்கும். இன்னொன்று, கும்மிருட்டில் ஒற்றை வெளிச்சத்தையே முறைத்துப் பார்த்தால் அது நகர்கிற மாதிரி நம் கண்ணே ஏமாற்றும். மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒப்பிட ஒரு தென்னை மரமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் நகராது. இல்லாவிட்டால் நடனமே ஆடும். போதாக்குறைக்கு அந்தச் சமயம் எல்லையில் வேவு விமானங்கள் பறப்பது நிஜமாகவே அதிகமாகியிருந்தது. பாம்பு இருக்கிற ஊரில் கயிறும் பாம்புதான்.

மெத்தப் படித்தவர்களும் இதில் விதிவிலக்கில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி பக்கம் ராத்திரி ராத்திரி மர்ம ட்ரோன்கள் என்று ஒரே களேபரம். எஃப்.பி.ஐ.க்கு 5,000-க்கு மேல் புகார். தோண்டித் துருவியதில் மேற்கொண்டு விசாரிக்கத் தகுந்தவை என்று தேறியது சுமார் நூறு. மற்றதெல்லாம் சாதாரண ட்ரோன், விமானம், ஹெலிகாப்டர், நட்சத்திரம். மேரிலாண்டின் முன்னாள் கவர்னர் லாரி ஹோகன், தன் வீட்டுக்கு மேலே டஜன் கணக்கில் ட்ரோன்கள் என்று வீடியோ எடுத்தே போட்டார். ஜனங்கள் உற்றுப் பார்த்தார்கள். அதில் தெரிந்தது ஓரியன் நட்சத்திரக் கூட்டம்! நம் திருவாதிரை நட்சத்திரம் இருக்கிற அதே கூட்டம். மார்கழியில் களி கிளறி வைத்துக் கும்பிட வேண்டியதை மனுஷர் போலீஸில் பிடித்துக்கொடுக்கப் பார்த்தார்.

எல்லா வெளிச்சமும் கிரகம்தான் என்று சொல்லிவிட முடியாது. 2022 ஏப்ரல் 2-ந் தேதி ராத்திரி மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஆயிரக்கணக்கானோர் வானத்தில் நெருப்புக் கோடு ஒன்று மெதுவாகப் போனதைப் பார்த்தார்கள். சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் சுமார் மூன்று மீட்டர் அகல உலோக வளையம் தொப்பென்று விழுந்தது. வேறெங்கே கொண்டுபோவது? போலீஸ் ஸ்டேஷனில் வைத்தார்கள்! அப்புறம் இஸ்ரோக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அதற்கு முந்தின வருஷம் சீனா விட்ட ராக்கெட் ஒன்றின் மிச்சம் அது என்பது வானியல்காரர்களின் கணிப்பு. அதே வருஷம் டிசம்பர் 15 சாயங்காலம் மேற்கு வங்காளத்தில் டார்ச் அடித்த மாதிரி வானத்தில் ஒரு வெளிச்சம். ஒடிஸா கடற்கரை அப்துல் கலாம் தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதித்த நேரம் அது. சூரியன் மறைந்த பிறகு தரையில் இருட்டு. அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில். புகை அந்த வெயிலில் ஒளிர்ந்திருக்கிறது. நார்வேயில் 2009 டிசம்பரில் வானத்தில் ராட்சதச் சுருள் ஒன்று தெரிந்து ஜனங்கள் வெலவெலத்துப் போனபோது, ரஷ்யா மறுநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, 'எங்கள் புலாவா ஏவுகணை சரியாகப் போகவில்லை' என்று ஒப்புக்கொண்டது.

பஞ்சாபில் 2021-லும் லக்னோ பக்கம் 2022-லும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக விளக்குகள் போனது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். கொள்ளிவாய்ப் பிசாசைக்கூட விடவில்லை. சதுப்பு நிலத்து மீத்தேன் குமிழிகளுக்கு நடுவே பொடிப்பொடி மின்னல்கள் உண்டாவதாக 2025-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். பாட்டிகள் முழுப் பொய் சொல்லவில்லை.

விடை கிடைக்காதவையும் உண்டு. அமெரிக்க விமானப் படை 1969 வரை நடத்திய 'ப்ளூ புக்' விசாரணையில் மொத்தம் 12,618 கேஸ். அதில் 701 கடைசி வரை புரியவில்லை என்று எழுதி மூடினார்கள். பிரான்ஸில் விண்வெளித் துறையே இதற்கென்று 1977-லிருந்து ஒரு பிரிவு வைத்திருக்கிறது. பார்த்தவர் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பார்த்தார் என்றெல்லாம் ஃபாரம் போட்டுக் கேட்கிறார்கள். நன்றாக விசாரித்தும் விளங்காதவை அங்கே சுமார் 3 சதவீதம். ஃபாரம் இருப்பதால்தான் அந்த மூன்று சதவீதத்தையாவது நம்பலாம். நம் ஊரில் வெளிச்சம் பார்த்தால் முதலில் எடுக்கிறது செல்போன். ஆடுகிற கையால் எடுத்த மங்கல் வீடியோ. திசை கிடையாது, மணி கிடையாது, பக்கத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. ஆயிரம் லைக் விழும், ஆடிட்டுக்கு ஆகாது.

இனிமேல் இது பொழுதுபோக்கு விஷயமும் இல்லை. அதே லடாக்கில் 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் இருபது பேர் உயிர்விட்டார்கள். 2025 மே மாதம் பஞ்சாபிலும் ஜம்முவிலும் ஊரே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் வானத்தில் வந்தவை நிஜமான ட்ரோன்கள். அங்கே காவலுக்கு நிற்கிற பையனுக்கு எது வெள்ளி, எது வினை என்று ஒரு நொடியில் தெரிந்தாக வேண்டும். ரேடார் வாங்குகிற காசில் பஞ்சாங்கத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

கடைசியாக இன்னொரு ஃபைல். 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. உலகக் கோப்பை பைனல் ஆரம்பித்து அரை மணி நேரம். நாடே டி.வி. முன்னால். மத்தியானம் இரண்டரை மணி வாக்கில் மணிப்பூரில் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ ஒன்று பறப்பதைப் பார்த்தார்கள். பட்டப்பகலில். மூன்று மணி நேரத்துக்கு மேல் விமானங்களை நிறுத்திவைத்தார்கள். வந்துகொண்டிருந்தவற்றைத் திருப்பிவிட்டார்கள். ஹாஸிமாரா தளத்திலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ரஃபேல் போர் விமானங்கள் பறந்துபோய்த் தேடியதாகச் செய்தி. விமானப் படை அறிக்கை விட்டது: விமான நிலையத்தில் கண்ணால் பார்த்துச் சொன்னதை வைத்து வான் பாதுகாப்பு நடவடிக்கை எடுத்தோம், அந்தச் சிறிய பொருள் அதற்குப் பிறகு தென்படவில்லை.

லடாக்கில் இருந்தது 329 பதிவு. இம்பாலில் ஒன்றே ஒன்று.